காப்புப் பாட்டு கணக்கில் சேருமா?

(கோவையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'ஷேக்ஸ்பியரும் கொங்கு நாடும்' என்று போட்டுவிட்டார்கள். அவ்வளவு பெரிய தலைப்பை நான் சுமக்க முடியாது. முப்பத்தொரு வருஷம் இந்தக் கோயமுத்தூரில் பெண்பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கியம் நடத்தியவள் நான். பாடத்திட்டம் மாறும்போதெல்லாம் ஒரு நாடகம் போகும், ஒன்று வரும். அப்படி 'ரோமியோ ஜூலியட்' என் வகுப்புக்கு மூன்று தடவை வந்தது, மூன்று தடவை போனது. அந்த ஒரே நாடகத்தை எடுத்துக்கொண்டு, அதை இந்த ஊரில் உட்கார்ந்து படித்தபோது எனக்கு என்ன புரிந்தது, எது வெகுநாள் புரியாமல் இருந்தது என்பதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

நான் அதை முதலில் நாடகமாகப் படிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நான்டீடெய்ல் என்று ஒரு மெலிந்த புத்தகம் கொடுப்பார்கள். சார்லஸ் லாம்பும் அவர் அக்கா மேரியும் 1807இல் பிள்ளைகளுக்காக எழுதிய ஷேக்ஸ்பியர் கதைகளிலிருந்து எடுத்தது. அதில் இரண்டு பேர் காதலிப்பார்கள், இரண்டு பேரும் செத்துப்போவார்கள். சமையற்கட்டு இருக்காது, மேளக்காரர்கள் இருக்க மாட்டார்கள். கரும்பைத் தூக்கி எறிந்துவிட்டுச் சர்க்கரையை மட்டும் கையில் கொட்டின மாதிரி. நம்மில் பெரும்பாலானவர்களுக்கு இந்தச் சர்க்கரைதான் ரோமியோ ஜூலியட். உப்பரிகையில் பெண், கீழே பையன். இத்தனைக்கும் மூல நாடகத்தில் உப்பரிகை என்ற சொல்லே கிடையாது. அவள் ஒரு ஜன்னலில்தான் நிற்கிறாள்.

அந்தப் பையனின் பெயர் தமிழுக்கு வந்து என்ன ஆனது என்பது தனிக் கதை. 'பஸ் ஸ்டாண்டில் ரோமியோக்கள் கைது' என்று செய்தித்தாளில் நாலு வரி வரும். பெண்பிள்ளைகளைப் பின்தொடர்ந்து தொந்தரவு செய்கிறவன் என்று அர்த்தம். மூன்று தடவையும் முதல் வகுப்பில் 'ரோமியோ' என்று கரும்பலகையில் எழுதியதுமே பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகுதான் நாடகத்தை ஆரம்பிக்க முடியும்.

முதல் தடவை நடத்தியபோது நடந்ததைச் சொல்கிறேன். நாடகத்தின் முன்னுரைப் பாட்டிலேயே ஷேக்ஸ்பியர் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். வெரோனா நகரத்தில் பகையாக இருக்கிற இந்த இரண்டு வீடுகளும் அந்தஸ்தில் ஒன்றுக்கொன்று குறைந்தவை இல்லை, சரிக்குச் சரி. இதை விளக்கிவிட்டு நான் அடுத்த வரிக்குப் போய்விட்டேன். கடைசி பெஞ்சில் பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"ஏனுங்க மேம், ரெண்டு வீடும் சரிக்குச் சரிங்கறீங்க. அப்ப ஒரே சாதியாத்தான இருக்கோணும்? மொறையும் வருதாட்ட இருக்குது. அப்பறம் எதுக்குங்க மேம் சாகோணும்? பெரியவங்க நாலு பேரு உக்காந்து பேசி உப்புச் சக்கரை மாத்தியிருந்தா முடிஞ்சுதுங்களே?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, "அது இத்தாலிம்மா, நம்ம ஊரு இல்லை" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். ஆசிரியர்கள் பதில் தெரியாதபோது சொல்கிற பதில்களில் அது ஒன்று.

ஆனால் அவள் கேட்டது நாடகத்தின் நடு முதுகெலும்பைத் தொடுகிற கேள்வி. நம் பக்கத்துக் கல்யாணப் பேச்சில் முதலில் கேட்பது என்ன கூட்டம் என்பதைத்தான். ஒரே கூட்டம் என்றால் பங்காளி, பெண் எடுக்கக் கொடுக்க முடியாது. வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான். மாண்டேகு ஒரு கூட்டம், கேப்புலெட் ஒரு கூட்டம், இரண்டும் ஒரே ஊரில் கௌரவமான வீடுகள், நடுவில் என்றைக்கோ வந்த வாய்க்கால் தகராறு போல ஒரு பகை. என்ன காரணம் என்று நாடகம் கடைசிவரை சொல்லவே இல்லை. அந்தப் பெண் இதை அப்படித்தான் படித்தாள். சரியாகத்தான் படித்தாள். நாடகத்துக்குள்ளேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. தன் வீட்டு விருந்துக்குள் முகமூடி போட்டுக்கொண்டு ரோமியோ நுழைந்ததைப் பார்த்து ஜூலியட்டின் தாய்மாமன் மகன் டிபால்ட் வாளைத் தேடும்போது, ஜூலியட்டின் அப்பாவே அவனை அடக்குகிறார். ஊரில் அந்தப் பையனுக்கு நல்ல பெயர் இருக்கிறது, ஒழுக்கமான பிள்ளை, என் வீட்டில் அவனுக்கு அவமரியாதை கூடாது என்கிறார். பெண்ணின் தகப்பன் வாயாலேயே பையனுக்கு நற்சான்று! பாதிரியார் லாரன்ஸ் ரகசியக் கல்யாணத்துக்குச் சம்மதிப்பதும் காதலில் மனம் உருகியல்ல. இந்தச் சம்பந்தத்தால் இரண்டு வீட்டுப் பகையும் தீரும் என்று கணக்குப் போட்டுத்தான் சம்மதிக்கிறார். நம் பெரியவர்கள் போடுகிற அதே கணக்கு.

அப்படியானால் எதற்குச் செத்தார்கள்? இரண்டாவது தடவை நடத்தும்போது அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தேன். அப்போதுதான் தேதிகள் கண்ணில் பட்டன.

ஷேக்ஸ்பியர் இந்தக் கதையைச் சொந்தமாகக் கட்டவில்லை. ஆர்தர் புரூக் என்பவர் 1562இல் ஆங்கிலத்தில் எழுதிய நீண்ட கதைப்பாட்டு ஒன்றிலிருந்து எடுத்தார். புரூக்கின் கதை மாதக்கணக்கில் நடக்கும். பெண்ணுக்குப் பதினாறு வயசு. முன்னுரையில் புரூக், பெற்றவர் பேச்சைக் கேட்காத பிள்ளைகளுக்கு இதுதான் கதி என்று புத்தி சொல்வார். ஷேக்ஸ்பியர் அந்தப் புத்திமதியை எடுத்துப் போட்டுவிட்டார். பெண்ணின் வயசைப் பதிமூன்றாக்கினார். பதினான்கு நிறைய இரண்டு வாரமும் சில நாளும் பாக்கி. (நம் நாட்டில் 1929இல் வந்த சாரதா சட்டம்கூடப் பெண்ணுக்குப் பதினான்கு வயசு என்று வைத்தது. அதற்கும் ஜூலியட் தேற மாட்டாள்.) மாதக்கணக்கை ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து வியாழக்கிழமை விடிகாலைக்குள் சுருக்கினார். நாலு நாள். அந்த நாலு நாளும் கல்யாண வீட்டு நாட்கள்.

கேப்புலெட்டைப் பாருங்கள். பாரிஸ் என்கிற பெரிய இடத்துப் பையன் பெண் கேட்டு வரும்போது, பிள்ளை சின்னவள், இரண்டு கோடை போகட்டும், அவள் சம்மதமும் வேண்டும், என் சம்மதம் அதில் ஒரு பங்குதான் என்று சொல்கிறவர் அவர். இது ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை டிபால்ட் செத்துப்போகிறான். வீட்டில் இழவு. அன்று ராத்திரியே பாரிஸிடம், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்கிறார். திங்கள் என்கிறான். புதன் ரொம்பச் சீக்கிரம், வியாழக்கிழமை வைத்துக்கொள்வோம் என்கிறார். பெண்ணிடம் கேட்கவில்லை. இழவு வீடு, ஆடம்பரம் கூடாது, வேண்டியவர்கள் ஆறு பேர் வந்தால் போதும் என்கிறார். மறுநாள் பெண் மாட்டேன் என்றதும் அதே மனிதர் வாயில் வருகிற வார்த்தைகளை நான் வகுப்பில் சத்தமாகப் படித்ததில்லை. தெருவில் பிச்சை எடு, பட்டினி கிட, செத்துப்போ என்கிறார். அடிக்கக் கை அரிக்கிறது என்கிறார். அதே செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெண் பாதிரியாரிடம் போய்த் திரும்பி வந்து, காலில் விழுந்து சம்மதம் சொன்னதாக நடிக்கிறாள். உடனே அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வியாழன் எதற்கு, நாளைக்கே என்று கல்யாணத்தை ஒரு நாள் முன்னால் இழுத்துவிடுகிறார். ஆறு பேர் போதும் என்றவர் இருபது சமையல்காரரைக் கூட்டி வர ஆளனுப்புகிறார்.

அந்த ராத்திரி அவர் தூங்கவே இல்லை. நாலாம் அங்கத்தின் நாலாம் காட்சி, படிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது. பாடநூல் சுருக்கங்களில் முதலில் வெட்டுப்படுகிற காட்சி அதுதான். இரண்டாம் சாமக் கோழி கூவியாயிற்று, மூன்று மணி என்கிறார். பலகாரத்துக்குச் செலவைப் பார்க்காதே என்கிறார். வேலைக்காரன் விறகு தூக்கிக்கொண்டு போகிறான், காய்ந்த விறகாக எடுத்து வா, எங்கே கிடக்கிறது என்று பீட்டரைக் கேள் என்கிறார். செவிலித்தாய் அவரைப் பார்த்து, பொம்பளை வேலையெல்லாம் உங்களுக்கெதற்கு, போய்ப் படுங்கள், நாளைக்கு உடம்புக்கு முடியாமல் போகும் என்கிறாள். இதைவிடச் சின்ன காரியத்துக்கெல்லாம் ராத்திரி முழுக்க முழித்திருக்கிறேன், ஒன்றும் ஆகாது என்கிறார். எங்கள் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, என் சித்தி கல்யாணத்தன்று ராத்திரி தோட்டத்து வீட்டு வாசலில் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு, எந்த அடுப்புக்கு எந்த விறகு என்று சொல்லிக்கொண்டே நடந்தது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. வேப்ப விறகு புகையும், வேலா விறகு நின்று எரியும் என்பார். அவர் பெண்ணிடம் சம்மதம் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்க மாட்டார். அவர் கெட்டவரும் இல்லை.

மேல்மாடியில் பெண் விஷம் மாதிரி ஒரு மருந்தைக் குடித்துவிட்டுக் கட்டையாகக் கிடக்கிறாள், கீழே அப்பா காய்ந்த விறகைத் தேடிக்கொண்டிருக்கிறார். இந்த நாடகத்தில் எனக்கு இதைவிடப் பயங்கரமான இடம் கிடையாது. கல்லறைக் காட்சிகூட இதற்குப் பிறகுதான். விடிந்து பெண் செத்துக் கிடப்பதைப் பார்த்த பிறகும் கல்யாணத்துக்கு வந்த மேளக்காரர்கள் போகாமல் வாசலில் நிற்கிறார்கள், பீட்டரோடு வாய்த்தகராறு பண்ணுகிறார்கள், இழவுக்கு வருகிறவர்களோடு இருந்து சாப்பிட்டுவிட்டே போவோம் என்று முடிவு பண்ணுகிறார்கள். ஆக்கின சோறு வீணாகாது. கல்யாணச் சோறே கருமாதிச் சோறாகிறது.

இரண்டாவது தடவை இந்தக் காட்சியை நடத்திக்கொண்டிருந்த அதே வாரத்தில் என் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் தொடர்ந்து ஒன்பது நாள் காலியாக இருந்தது. நன்றாகப் படிக்கிற பிள்ளை. தோழிகளைக் கேட்டேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, "கல்யாணங்க மேம். அடுத்த முகூர்த்தத்துலயே வெச்சுட்டாங்க" என்றார்கள். அடுத்த முகூர்த்தத்திலேயே என்று சொன்னால் இந்த ஊரில் யாருக்கும் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. போனில் ஒரு பெயர் சிக்கியிருக்கிறது, வீட்டில் தெரிந்துவிட்டது, தோதான ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துத் தேதியை முன்னால் இழுத்துவிட்டார்கள். மாதக் கடைசியில் அவள் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் கோடு போட்டு 'டிஸ்கன்டினியூட்' என்று எழுதினேன். அந்தப் பதிவேட்டில் என் முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை சிவப்புக் கோடு போட்டிருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

மருந்து நாற்பத்திரண்டு மணி நேரம் வேலை செய்யும் என்பது பாதிரியாரின் திட்டம். கல்யாணத்தை ஒரு நாள் முன்னால் இழுத்ததும் ரோமியோவுக்கு அவர் எழுதிய கடிதத்துக்கு இருந்த அவகாசத்தில் ஒரு நாள் போயிற்று. கடிதம் கொண்டுபோன பாதிரியார் ஜான் கொள்ளைநோய் வீடு ஒன்றில் இருந்தார் என்று சந்தேகப்பட்டு, கதவை அடைத்து முத்திரை வைத்துவிட்டார்கள். நான் மாணவியாக இருந்த காலத்தில் இதைக் கதையை முடிக்க ஷேக்ஸ்பியர் செய்த குறுக்குவழி என்று சொல்லிக் கொடுத்தார்கள். லண்டனில் 1592 முதல் 1594 வரை பிளேக்கால் நாடகக் கொட்டகைகளைப் பெரும்பாலும் மூடிவைத்திருந்தார்கள், அதற்கடுத்தாற்போல்தான் இந்த நாடகம் எழுதப்பட்டது என்பதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்கத் தேவையும் இல்லை, கோயமுத்தூரிலேயே பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஊரைப் பிளேக் வாட்டியபோது வந்த அம்மன். 2020இல் நம் தெருக்களைத் தகரம் வைத்து அடைத்தார்களே, அதைப் பார்த்த பிள்ளைகளிடம் பாதிரியார் ஜானைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். குறுக்குவழி என்று ஒருத்தியும் சொல்ல மாட்டாள்.

இதுவரை சொன்னதெல்லாம் இந்த நாடகம் நமக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது. இனி, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். அந்தப் பொள்ளாச்சிப் பெண்ணின் கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் விட்டது அங்கேதான்.

நமக்கு ஒரு காதல் துன்பியல் ஏற்கெனவே இருக்கிறது. கம்பர் மகன் அம்பிகாபதி, சோழ ராஜா மகள் அமராவதி. சரித்திரம் என்று யாரும் நிரூபிக்கவில்லை, கர்ணபரம்பரைக் கதை. சிறு வயசில் டென்ட் கொட்டாயில் மண்ணைக் குவித்து உட்கார்ந்து, சிவாஜியும் பானுமதியும் நடித்த 1957ஆம் வருஷத்து 'அம்பிகாபதி'யைப் பார்த்து அழுதவள் நான். கதை உங்களுக்குத் தெரியும். காதல் வெளியானதும் ராஜா ஒரு பந்தயம் வைக்கிறார். சிற்றின்பம் கலக்காமல் நூறு பாட்டு சபையில் பாடு, பெண்ணைத் தருகிறேன். திரைக்குப் பின்னால் அமராவதி உட்கார்ந்து, ஒரு பாட்டுக்கு ஒரு பூ என்று எடுத்து வைத்துக்கொண்டு எண்ணுகிறாள். தொடக்கத்தில் அவன் பாடிய காப்புப் பாட்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறாள். தொண்ணூற்றொன்பதில் நூறு முடிந்தது என்று நினைத்து எட்டிப் பார்க்கிறாள். அவளைப் பார்த்ததும் அவனுக்கு அவள்மேல் பாட்டு வருகிறது. தலை போகிறது. அவளும் போகிறாள்.

1937இல் இந்தக் கதையை முதலில் பெரிய படமாக எடுத்தவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். எம்.கே. தியாகராஜ பாகவதர் அம்பிகாபதி, எம்.ஆர். சந்தானலட்சுமி அமராவதி. டங்கனுக்குத் தமிழ் தெரியாது. காதல் காட்சிகளுக்கு ரோமியோ ஜூலியட்டை எடுத்து வசனகர்த்தா இளங்கோவன் கையில் கொடுத்து, இதைத் தமிழில் கொண்டு வா என்றார். இளங்கோவன் கொண்டு வந்தார், அதுவும் அருமையாக. தமிழ்ப்பட வசனம் என்று தனியாகப் பேசத் தொடங்கியதே அவரிடமிருந்துதான் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அன்றைக்கு வெரோனாவின் ஜன்னலைச் சோழ அரண்மனையில் பொருத்தியதில் இரண்டு கதையும் நம் மனசில் ஒன்றாகிவிட்டது. இரண்டும் ஒரே கதை என்று மூன்று தலைமுறையாக நம்பிக்கொண்டிருக்கிறோம். நானும் தேர்வுக்கு 'ஒப்பிடுக' என்று கேள்வி போட்டவள்தான்.

உண்மையில் ரோமியோ ஜூலியட்டுக்கு நிஜமான தமிழ்ச் சொந்தம் பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்'. பொன்முடி, பூங்கோதை. உறவுக்காரக் குடும்பங்கள், சண்டை வந்து பேச்சுவார்த்தை அற்றுப்போனவர்கள். அதையும் இதே டங்கன்தான் 1950இல் நம்ம சேலத்தில், மாடர்ன் தியேட்டர்ஸில் 'பொன்முடி' என்று எடுத்தார். அந்த வருஷமே அவர் இந்தியாவை விட்டுப் போனார். பதிமூன்று வருஷ இடைவெளியில் ஒரே மனிதர் இரண்டு கதையையும் கையாண்டிருக்கிறார். ஒன்றில் ஒப்பானவர்களின் பகை, மற்றதில் ஒப்பில்லாதவர்களின் காதல்.

இந்த வித்தியாசம் சின்னதில்லை. ரோமியோவை யாரும் பரீட்சை வைத்துச் சோதிக்கவில்லை. அவன் யார் மகன் என்று தெரிந்தாலே போதும், நல்ல பிள்ளை. அம்பிகாபதிக்குப் பரீட்சை வைக்கிறார்கள். கம்பர் எவ்வளவு பெரிய கவியாக இருந்தாலும் உவச்சர் குலம் என்று மரபு சொல்லும். சபையில் அவருக்கு ஆசனம் உண்டு, சம்பந்தம் கிடையாது. அதனால் பையன் தன் மனசு சுத்தம் என்று நூறு பாட்டில் நிரூபிக்க வேண்டும். பரீட்சையை வைத்தவர் பெண்ணின் அப்பா. விதியைப் போட்டவர் அவர். முடிவு சொல்கிறவரும் அவர். மூன்றாவது தடவை இதை வகுப்பில் ஒப்பிட்டுச் சொன்னபோது ஒரு பெண் கேட்டாள்: "காப்புப் பாட்டு கணக்குல சேருமா சேராதான்னு அவிங்ககிட்ட முன்னாலயே யாராவது சொன்னாங்களாங்க மேம்?" யாரும் சொல்லவில்லை. இதுவரை நான் படித்த எந்த விளக்கவுரையிலும் இந்தக் கேள்வி இல்லை. அமராவதி எண்ணத் தெரியாதவள் என்றுதான் காலங்காலமாகச் சொல்லி வருகிறோம்.

இன்னொன்று, முடிவு. வெரோனாவில் இரண்டு பிணங்களுக்கு மேலே இரண்டு அப்பாக்களும் கை கொடுத்துக்கொள்கிறார்கள். உன் பெண்ணுக்குப் பொன்னில் சிலை வைக்கிறேன் என்கிறார் மாண்டேகு. உன் மகனுக்கும் அப்படியே என்கிறார் கேப்புலெட். சரிக்குச் சரியானவர்கள் என்பதால் கை எட்டுகிறது. அம்பிகாபதி கதையில் ராஜாவும் கம்பரும் எங்கே கை கொடுப்பது? அங்கே சமாதானம் என்ற காட்சியே இல்லை. சிலையும் இல்லை. தீப்பாய்ந்த வீரமாத்திக்குக் கல் நட்டு வருஷா வருஷம் பொங்கல் வைக்கிற ஊர் நம்முடையது, செத்த பிறகு சாமியாக்க நமக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எல்லாச் சாவுக்கும் கல் நடுவதில்லை.

நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2015 ஜூன் 23 அன்று பொறியியல் படித்த ஓர் இளைஞர் உடன் படித்த பெண்ணோடு திருச்செங்கோட்டு மலைக்கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். சிவன் பாதி, உமை பாதியாக நிற்கிற மலை அது. மறுநாள் பள்ளிபாளையம் பக்கத்துத் தண்டவாளத்தில் அவர் உடல் கிடந்தது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2016 மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை, உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடுரோட்டில் கல்யாணமாகி எட்டு மாதமான இளம் தம்பதியை வெட்டினார்கள். கணவர் இறந்தார், மனைவி பிழைத்தார். அந்தக் கேமராப் பதிவை நாம் எல்லோரும் பார்த்தோம். இரண்டு ஊரும் இங்கிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேருகிற தூரம். இந்தச் செய்திகளுக்குப் பத்திரிகைகள் 'ரோமியோ ஜூலியட்' என்று தலைப்புப் போடும்போது எனக்குக் கோபம் வரும். அந்த நாடகத்தின் பெயரை வைக்கும்போது, கூடவே அதன் கடைசிக் காட்சியையும் இலவசமாகக் கொடுத்துவிடுகிறோம். இரு தரப்பும் இழந்தது, இரு தரப்பும் வருந்துகிறது, விதி என்று. இங்கே இரு தரப்பு கிடையாது. வெட்டியவர்கள் ஒரு பக்கம்தான்.

இன்னொரு சொல்லும் இந்தப் பத்துப் பதினைந்து வருஷத்தில் புழக்கத்துக்கு வந்துவிட்டது, 'நாடகக் காதல்'. பெண்ணை ஏமாற்ற, சொத்துக்காகப் போடுகிற வேஷம் என்று அர்த்தப்படுத்துகிறார்கள். எந்தச் சாதிப் பையனுடைய காதலைப் பற்றி மட்டும் அந்தச் சொல் வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். நாடகம் நடத்திச் சம்பளம் வாங்கியவள் என்ற முறையில் எனக்கு இதில் தனிப்பட்ட வருத்தமும் உண்டு. தொல்காப்பியர் 'நாடக வழக்கு' என்று சொன்னபோது அதற்குப் பொய் என்று பொருள் இல்லை. நாடகக் காதல் என்பதும் அம்பிகாபதிக்கு வைத்த பரீட்சைதான். உன் காதல் நிஜம் என்று எங்களுக்கு நிரூபி, விதி எங்களுடையது.

பெருமாள்முருகன் 2013இல் எழுதிய 'பூக்குழி'யை மாணவிகளுக்குச் சிபாரிசு பண்ணுகிறேன். குமரேசன், சரோஜா. சோடாக் கடையில் வேலை பார்க்கிற பையன் வேற்றூர்ப் பெண்ணைக் கட்டிக் கொண்டுவந்து, பாறைக்காட்டு வீட்டில் அம்மாவின் ஒப்பாரிக்கு நடுவே குடியிருக்கிற கதை. அவள் என்ன சாதி என்று ஊர் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அவர்கள் சொல்லாமலே இருக்கிறார்கள். அதில் ஜன்னலும் இல்லை, நிலாவும் இல்லை. கொங்கில் எழுதப்பட்ட அம்பிகாபதி கதை என்று நான் அதைச் சொல்வேன். ரோமியோ ஜூலியட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாடமாக்க வேண்டிய புத்தகம்.

முடிக்கப் போகிறேன், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். கம்பரைப் பற்றி ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் ஐயர் கிடையாது, அருமைக்காரர்தான் சீர் செய்வார். இணைச்சீரெல்லாம் ஆனபிறகு குடிமகன் எழுந்து நிற்பார். முடி திருத்துகிற குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் மங்கல வாழ்த்துப் பாடுவார். அடி முடிகிற இடத்தில் மேளத்தில் ஒரு தட்டு விழும். பெண் பார்த்ததிலிருந்து தாலி கட்டுவதுவரை அந்தக் கல்யாணம் முழுவதும் அந்தப் பாட்டுக்குள் வந்துவிடும். அவர் பாடாமல் கல்யாணம் நிறைவாகாது. அந்தப் பாட்டைச் செய்தவர் கம்பர் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆராய்ச்சியாளர்கள் ஒப்புக்கொள்ளாமல் போகலாம், நான் இப்போது அந்தச் சண்டைக்கு வரவில்லை. நம்பிக்கையின்படியே வைத்துக்கொண்டால், சாதி குறைவென்று மகனைப் பறிகொடுத்த அப்பா எழுதிய பாட்டைப் பாடித்தான் நாம் ஒவ்வொரு கல்யாணத்தையும் முடிக்கிறோம். அதைப் பாடுகிற மனிதரும் அந்த வீட்டில் சம்பந்தம் பேச முடியாதவர். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஐம்பது வயசு ஆக வேண்டியிருந்தது.

சின்னப் பிள்ளையாக இருந்தபோது பந்தல் ஓரத்தில் நின்று, பந்திக்கு எத்தனை இலை என்று எண்ணிச் சொல்கிற வேலையை எனக்குக் கொடுப்பார்கள். ஒறம்பரை ஒவ்வொருத்தரையும் விடாமல் எண்ணுவேன். பாடி முடித்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பாரே, அவரை ஒரு தடவையும் எண்ணியதில்லை. எண்ணும்படி யாரும் சொல்லவும் இல்லை.

இந்த அரங்கில் கல்யாண வயசில் பிள்ளைகள் வைத்திருக்கிற பெற்றோர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஆவணி முகூர்த்தங்கள் வரப்போகின்றன. தேதியைப் பிள்ளையிடம் கேட்டு வையுங்கள். முதல் பந்திக்கு இலை எண்ணும்போது, மங்கல வாழ்த்துப் பாடியவருக்கும் ஓர் இலை சேர்த்து எண்ணச் சொல்லுங்கள்.